தீபிகா சொல்ல எழுதியது

மயிலாப்பூர்
4-12-2024

அன்புத் தங்கை இசக்கியம்மாளுக்கு அண்ணன் ஜவஹர் எழுதுவது.

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். வரிகள் ஏறி இறங்கும். சில எழுத்துகள் குண்டாகவும் சில ஒல்லியாகவும் இருக்கும். மேலே உள்ள வரியை நேற்று எழுதினேன். இன்று இங்கிருந்து தொடங்குகிறேன். நான் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் மருமகள் மணிமொழியும் நலமா? உன் சர்க்கரை எப்படி இருக்கிறது?

இதை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. நானே எழுதுகிறேன். அறுபத்தேழு வயதில் உனக்கு என் முதல் கடிதம்! தி. நகர் ஜவுளிக்கடையில் நான் புடவை மடித்து அடுக்கிய காலமெல்லாம் உன் கடிதங்களைக் கடை ஆட்கள் விடுதியின் சமையல்காரர்தான் படித்துக் காட்டுவார். இனி அந்த வேலை எனக்கே.

கடையை விட்ட பிறகு ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு கல்வி மையத்தில் வாசல் கேட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் ஒத்துவராமல் வெளியே வந்த பெரிய பிள்ளைகள் இங்கே படித்துத் திறந்தநிலைப் பள்ளித் தேர்வு எழுதுகிறார்கள். ஒருவனுக்குச் சத்தம் ஆகாது. இன்னொருத்திக்கு எழுத்து கையில் வராது. யாருக்கு என்ன உதவி வேண்டும் என்று பார்த்து, ஆஸ்பத்திரிச் சான்றிதழ் முதல் தேர்வில் தனி அறை, கூடுதல் நேரம் வரைக்கும் ஏற்பாடு செய்பவர் ஷண்முகப்ரியா மேடம். மணல் தட்டில் விரலால் எழுதிப் பழகும் வகுப்பில் என்னையும் பிள்ளைகளோடு உட்கார வைத்தவர் அவர்தான்.

இப்போது பெரிய செய்தி. தீபிகா என்று ஒரு பெண், பதினாறு வயது. அவள் சொல்லச் சொல்ல வேறு ஒருவர் தேர்வு எழுதித் தரலாம் என்று அனுமதி உண்டு. ஆனால் எழுதித் தருபவர் பத்தாவதுக்குக் கீழே படித்தவராக இருக்க வேண்டும். அதைவிட அதிகம் படித்தவர் என்றால் தானே விடை போட்டுவிடுவாராம். உதவிக்கு வருகிறவர்கள் எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். ஒன்பதாவது பிள்ளைகளுக்கு அதே நேரத்தில் சொந்தத் தேர்வு. மையத்துப் பெரியவர்களில் பத்தாவதுக்குக் கீழே இருப்பது நான் ஒருவன்தான் இசக்கி! படிக்காததற்காக எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. தேர்வு ஏப்ரலில்.

அதுவரை உன்னோடு போனில் பேசுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். கடிதம் மட்டும்தான். கை பழக வேண்டும் அல்லவா.

உன் பதிலுக்காகக் கேட்டருகே காத்திருக்கும்
அண்ணன் ஜவஹர்.


திசையன்விளை
13-12-2024

அன்புள்ள அண்ணனுக்கு இசக்கி வணக்கம். இங்கே எல்லாரும் சுகம். அங்கே உங்கள் சுகத்தையும் முழங்காலின் சுகத்தையும் கேட்டு எழுதுகிறேன்.

கடிதம் கடைக்குத்தான் வந்தது. உறையில் இருந்த எழுத்தைப் பார்த்து மணிமொழி, "யாரோ சின்னப் பிள்ள போட்டிருக்கு அத்தே" என்றாள். பிரித்துப் படித்துவிட்டு நான் மறுபடியும் முதலிலிருந்து படிப்பதைக் கண்டு பயந்துபோய், அவளும் வாங்கிப் படித்தாள். பிறகு என்ன செய்தாள் தெரியுமா? நம் ஜெராக்ஸ் கடை மெஷினில் போட்டு லேமினேஷன் செய்துவிட்டாள். இப்போது உங்கள் கடிதம் மளிகைக்கடை விலைப்பட்டியல் மாதிரி சுவரில் தொங்குகிறது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் உங்கள் முழங்காலை விசாரிக்கிறார்கள். இனி ரகசியம் எதுவும் எழுத வேண்டாம்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. ஒரு பக்கம் எழுத உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது? அந்தப் பெண் எப்படிப் பேசுவாள்? வேகமாகவா, மெதுவாகவா?

குளிர் காலம். காலையில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு
இசக்கியம்மாள்.


மயிலாப்பூர்
3-1-2025

அன்புத் தங்கைக்கு, அண்ணனின் புத்தாண்டு ஆசிகள். நலமாக இருக்கிறேன். தலையில் துண்டும் இருக்கிறது.

தீபிகா எப்படிப் பேசுவாள் என்று கேட்டாய். குழாயைத் திறந்தால் எப்படியோ அப்படி. மந்தைவெளியில் அவள் அம்மா இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார். என்னை 'நைனா' என்றுதான் கூப்பிடுவாள். போன அக்டோபரில் அவள் தேர்வில் தோற்றுவிட்டாள். பாடம் தெரியாமல் தோற்கவில்லை. எழுதித் தர வந்த பையன் அவள் பேச்சைக் கேட்டு முகம் சுளித்து, "ஒழுங்கா சொல்லு" என்று திருத்திக்கொண்டே இருந்தானாம். அரை மணி நேரத்தில் அவள் வாயை மூடிவிட்டாள். தாளில் பாதி வெறுமையாகவே போனது. இந்த முறையும் தவறினால், "இஸ்திரிப் பெட்டியைப் பிடி" என்று அம்மா சொல்லிவிட்டார். அவளுக்கோ பத்தாவது முடித்து நர்சிங் உதவியாளர் படிப்பில் சேர வேண்டும். "எழுதறதுன்னா நைனா எழுதட்டும். வேற யாரு வந்தாலும் நான் வரமாட்டேன்" என்று மேடத்திடம் அடித்துச் சொல்லிவிட்டாள்.

நேற்று டீ நேரத்தில் பயிற்சிக் கேள்வி ஒன்றை மேடம் வாசித்தார். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் ஏன் வருகிறது? இவள் பிடித்துக்கொண்டாள்.

"ஏரி மேல வூட்ட கட்டிக்கினு ஏரி எங்கடான்னா இன்னா அர்த்தம்? மழ வந்தா தண்ணி வூட்டுக்குள்ள வருது, வெயில் வந்தா லாரில வருது. அதே தண்ணிதான் மேடம், வழி தெரியாம சுத்திக்கினு கீது. எங்க தெருல லாரி வந்தா மொத கொடம் யாருதுன்னு சண்ட. மேல ஓடுற தண்ணிய மண்ணுக்குள்ள வுட்டிருந்தா கீழ கெணறு ரொம்பியிருக்கும்ல? சிமெண்ட போட்டு மூடிட்டா மண்ணு எப்டி குடிக்கும்?"

இன்னும் பேசினாள். டீ ஆறிவிட்டது. கேட்டில் ஒருவர் ஹாரன் அடித்தது எனக்குக் காதிலேயே விழவில்லை.

பயிற்சி திங்கட்கிழமை தொடங்குகிறது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்திருந்தால் தொடைமேல் விரல் தானாக எழுதுகிறது. 5பி பஸ்ஸில் வந்தால் ஜன்னலில் எழுதுகிறேன். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய இடமெல்லாம் 'மாற்றுப் பாதை' என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டே நடந்து நேற்று வழி தவறி லஸ்ஸுக்குப் போய்விட்டேன்.

எவ்வளவு நேரம் ஆகிறது என்ற கேள்விக்கு அடுத்த கடிதத்தில் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்
ஜவஹர்.


திசையன்விளை
18-1-2025

அன்பு அண்ணனுக்கு, பொங்கல் நல்லபடியாக முடிந்தது. உங்களுக்கு அனுப்பிய பனங்கிழங்கு கிடைத்ததா? வயிறு தாங்குமா என்று பார்த்துச் சாப்பிடுங்கள்.

தண்ணீரைப் பற்றி அந்தப் பிள்ளை பேசியதை நான் இரண்டு முறை படித்தேன். மணிமொழிக்கும் படித்துக் காட்டினேன். சரியான வாய்!

கடைக்கு வருகிறவர்கள் தாலுகா ஆபீஸுக்கு மனு எழுதச் சொல்வார்கள். பட்டா, முதியோர் பணம், எல்லைத் தகராறு. எழுதி எழுதி ஒன்று தெரிந்துகொண்டேன். அவர்கள் பேசும்போது நாம் "கொஞ்சம் நில்லுங்க" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், அதோடு அவர்கள் அரை மனிதர் ஆகிவிடுவார்கள். அதனால் நான் தலையைத் தூக்குவதில்லை. கை ஓடிக்கொண்டே இருக்கும்.

உங்கள் வேகத்தைப் பற்றி நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

இசக்கி.


மயிலாப்பூர்
6-2-2025

அன்புத் தங்கை இசக்கிக்கு, நலம். கிழங்கு வந்தது, தீர்ந்தது, வயிறும் நலம்.

நல்ல செய்தி மட்டுமே எழுதுகிறேன். பயிற்சி பிரமாதமாகப் போகிறது. முதல் வாரம் நான் ஒரு வாக்கியம் எழுதுவதற்குள் அவள் நாலு வாக்கியம் தாண்டிப் போய்விடுவாள். இப்போது பார், இருவரும் ஒரே ஜோடி மாடு மாதிரி ஆகிவிட்டோம். அவள் சொல்வாள், நான் எழுதி முடிப்பேன், அடுத்ததைச் சொல்வாள். நான் ஒரு முறைகூட "நில்லு" என்று சொல்வதில்லை. நீ எழுதியிருந்தாயே, அதேதான்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். நான் எழுதிய விடை. பிழை ஒன்றுகூட இல்லை என்று மேடம் சொன்னார். தாளைத் திருப்பிப் பார்த்து, "இவ்ளோதானா ஐயா?" என்று கேட்டார். அதற்குள் ஒரு பிள்ளையின் சான்றிதழுக்காக ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, ஓடிவிட்டார். பாவம், அவருக்கு உட்கார நேரமில்லை.

தாளை லேமினேஷன் செய்தாலும் சரி.

உன் அண்ணன்
ஜவஹர்.

(இணைப்பு)
கேள்வி: சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் ஏன்?
விடை: ஏரிகளை மூடினார்கள். மழை நீர் வீணாகிறது. அதனால் லாரியில் தண்ணீர் வருகிறது.


மயிலாப்பூர்
24-2-2025

அன்புத் தங்கைக்கு, நீ நலம்தானே? பதிலே காணோமே. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே எழுந்து நின்றுவிடுகிறேன். அவர் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார்.

எழுத்து எப்படி இருந்தது? வரி நேராக வந்திருந்ததைக் கவனித்தாயா?

மேடம் மார்ச் மாதக் கடைசிக்குள் என் பெயரைத் தேர்வு ஆபீஸுக்கு எழுதி அனுப்ப வேண்டுமாம். எனக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மாலையில் நாலு மாட வீதியும் சுற்றிவிட்டு, போதாமல் இன்னொரு முறை சுற்றுகிறேன். மணிக்கட்டு கொஞ்சம் வீங்கியிருக்கிறது. தைலம் போடுகிறேன், சரியாகிவிடும். தீபிகா இப்போது இன்னும் கெட்டிக்காரியாகிவிட்டாள். ஐந்து மதிப்பெண் விடையை இரண்டே வரியில் சொல்லிவிடுகிறாள். வெள்ளிக்கிழமை பயிற்சித் தேர்வில் நேரத்துக்கு முன்பே தாளை முடித்துவிட்டோம்!

உடனே எழுது.

ஜவஹர்.


திசையன்விளை
1-3-2025

அண்ணனுக்கு, இங்கே நலம். வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. மணிமொழிக்குச் சளி. முருங்கை நன்றாகக் காய்த்திருக்கிறது. உங்கள் எழுத்து நன்றாக இருக்கிறது. வரி நேராக இருக்கிறது. மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

இசக்கி.


திசையன்விளை
4-3-2025

அன்பு அண்ணனுக்கு, மூன்று நாள் முன்பு போட்ட கடிதம் உங்களுக்குக் கிடைத்திருக்கும். அதைக் கிழித்துப் போடுங்கள். தாள் வந்த நாளிலிருந்து நான் சொல்ல நினைத்தது அதில் ஒரு எழுத்துகூட இல்லை.

ஜனவரியில் அந்தப் பிள்ளை தண்ணீரைப் பற்றிப் பேசியதாக நீங்கள் எழுதியது முக்கால் பக்கம். பிப்ரவரியில் அதே கேள்விக்கு நீங்கள் அனுப்பிய விடை மூன்று வரி. வழி தெரியாமல் சுற்றும் தண்ணீர் எங்கே? மண் எப்படிக் குடிக்கும் என்று கேட்டாளே, அது எங்கே? அவள் மறந்துவிடவில்லை அண்ணே. உங்கள் கையைப் பார்த்துப் பார்த்துப் பேச்சைக் குறைத்துக்கொள்கிறாள். நீங்கள் இருவரும் ஜோடி சேர்ந்துவிட்டதாகச் சந்தோஷப்படுகிறீர்கள். அவள்தான் காலைக் கட்டிக்கொண்டு நடக்கிறாள். மூன்று வரிக்கு ஐந்து மதிப்பெண் யார் கொடுப்பார்கள்?

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நான் கல்யாணமான மறு வருடம் சண்டை போட்டுக்கொண்டு ஆறேழு மாதம் அம்மா வீட்டில் வந்து இருந்தேன். உங்களுக்குத் தெரியாது. அப்போதும் மாதம் ஒரு கடிதம் போட்டேன். உங்கள் விடுதிச் சமையல்காரர் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி உரக்கப் படிப்பார் என்று நீங்களே பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த வாய் தாங்குகிற அளவுக்குத்தான் நான் எழுதினேன். 'இங்கு அனைவரும் சுகம்.' அத்தனை கடிதத்திலும் அதுதான். நீங்களும் சுகம் என்று நம்பினீர்கள்.

நடுவில் நிற்கும் ஆளுக்குத் தக்கபடி பேச்சைச் சுருக்குவது எப்படி என்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கும் அது வந்துவிட்டது. உங்கள்மேல் உள்ள பாசத்தால் வந்தது, அதுதான் பயமாக இருக்கிறது.

உங்கள் சந்தோஷத்தில் மண்ணைப் போடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இதை யாரும் உங்களுக்குப் படித்துக் காட்ட மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் எழுதினேன்.

இசக்கி.


மயிலாப்பூர்
20-3-2025

இசக்கிக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். முதல் நாள் கோபம். எட்டாவது படித்தவளுக்கு என்ன தெரியும் என்றுகூட நினைத்தேன். இரண்டாம் நாள் அந்த ஆறேழு மாதத்தை நினைத்தேன். அந்த வருடம் தீபாவளிக்கு உனக்கு ஒரு புடவை அனுப்பினேன், மாமியார் வீட்டு முகவரிக்கு. அது உன் கைக்கு வந்ததா?

மூன்றாம் நாள் தீபிகாவைக் கூப்பிட்டேன். பேனாவைப் பையில் போட்டுவிட்டு, "சும்மா சொல்லும்மா, கூவம் ஏன் இப்படி ஆச்சு?" என்றேன்.

"எல்லாம் மூக்க மூடிக்கினு போறாங்க நைனா. மூக்க மூடினா ஆறு திருந்திடுமா? நம்ம வூட்டுக் கக்கூஸ் தண்ணி எங்க போகுதுன்னு யாராச்சும் கேக்குறாங்களா? கம்பெனிக்காரன் பைப்ப வுடுறான், நாம பிளாஸ்டிக்க வுடுறோம், அப்பால பாலத்து மேல நின்னுக்கினு ச்சீன்னா அது இன்னா பண்ணும்?" ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் மண் மேடு கட்டுவது வரை போய்விட்டாள்.

நான் பேனாவை எடுத்தேன். "இப்ப எழுதறேன், சொல்லு."

அவள் என் கையைப் பார்த்தாள். "கழிவு நீர் கலக்கிறது. குப்பை போடுகிறார்கள். போதும் நைனா."

"மீதி எங்கம்மா?"

"இன்னா மீதி?"

"இப்ப சொன்னியே."

காலால் தரையைத் தேய்த்தாள். "உன் கை வீங்கிக் கீது நைனா. நான் அவ்ளோ சொன்னா நீ எப்டி எழுதுவ? பாவம்ல."

நீ எழுதியது அத்தனையும் சரி.

அன்றே மேடத்திடம் போய் என் பெயர் வேண்டாம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானே சொல்லணும்னு இருந்தேன் ஐயா. உங்க முகத்தைப் பார்த்துட்டு தினமும் நாளைக்குன்னு தள்ளிட்டேன். வேற ரெண்டு இடத்துல கேட்டுக்கிட்டுதான் இருக்கேன், ஆள் கிடைக்கல" என்றார். தீபிகாவோ, "அப்போ நானும் எழுதல" என்று வாசல்வரை போய்விட்டாள். நான் கேட்டைப் பூட்டி உள்ளே அனுப்பினேன். அதற்குத்தானே எனக்குச் சம்பளம்.

கடைசித் தேதிக்கு இன்னும் சில நாட்களே இருக்கின்றன. மேல் வரியில் உன்னை எட்டாவது என்று திட்டினேன். இப்போது அதே எட்டாவதைக் கேட்டு வருகிறேன். நீ மனு எழுதும் கை. மனு சொல்ல வந்த யாரையும் நீ அரை மனிதர் ஆக்கியதில்லை. நீ வருவாயா? அவள் உன்னிடம் பேசுவாளா என்று தெரியாது. அதுதான் என் கவலை எல்லாம்.

ஜவஹர்.


திசையன்விளை
26-3-2025

அன்பு அண்ணனுக்கு, சுகம். உண்மையிலேயே சுகம்.

அந்தப் புடவை வந்தது. மாமியார் மூன்று வருடம் கட்டினார். மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். அவருக்கு நன்றாகத்தான் இருந்தது.

போனில் பேசுவதில்லை என்ற சபதம் உங்களுக்கும் எனக்கும்தான். மேடத்துக்கு இல்லையே. நேற்று அவருக்குப் போன் செய்து அந்தப் பிள்ளையைக் கூப்பிடச் சொன்னேன். மணிமொழிதான் மையத்தின் நம்பரைத் தேடி எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தாள்.

"யாரு ஆயா நீ?" என்றாள் எடுத்ததும்.

"ஜவஹருக்குத் தங்கச்சி. உனக்கு எழுத வரப்போறவ."

"நான் இன்னும் சரின்னு சொல்லல. என் பேச்ச திருத்துவியா நீ?"

"நீ சொன்னத எழுதுவேன். திருத்த எனக்கு என்ன தெரியும், ஏட்டி?"

"ஏட்டியா? இன்னா ஆயா, போன் பண்ணித் திட்டுறியா?"

"எங்க ஊர்ல பொம்பளப் பிள்ளைய அப்படித்தாம்ட்டி கூப்பிடுவோம்."

"அப்போ நானும் உன்ன ஏட்டின்னு கூப்டட்டா?"

"கூப்பிடு, ரயிலேறி வந்து காதைத் திருகுறேன்."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. பிறகு, "சரி, எழுது பாக்கலாம். நான் நிக்க மாட்டேன்" என்று தண்ணீரைப் பற்றி ஆரம்பித்தாள். நான் தலையைத் தூக்கவில்லை. முடித்ததும் "எங்க, படி" என்றாள். படித்துக் காட்டினேன். "இவ்ளோவா நான் சொன்னேன்?" என்றாள். அப்புறம், "லாரி சண்ட வரிய வுட்டுட்டியே ஆயா" என்றாள். உண்மைதான், ஒரு வரி விட்டிருந்தேன். இடையில் செருகினேன்.

அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். நிதானமாகப் படியுங்கள்.

மேடம் என் எட்டாவதுச் சான்றிதழைக் கேட்டார். நம் கடையிலேயே ஜெராக்ஸ் எடுத்து அனுப்பிவிட்டேன். எனக்குச் சென்னை பயம்தான். ரோட்டைக் கடக்க நீங்கள் கையைப் பிடிக்க வேண்டும். ரயிலுக்கு மணிமொழி பதிவு செய்துவிட்டாள்.

இசக்கியம்மாள்.


மயிலாப்பூர்
5-4-2025

அன்புத் தங்கை இசக்கியம்மாளுக்கு, அண்ணன் நலம். மணிக்கட்டு வீக்கம் வடிந்துவிட்டது.

நீ அனுப்பிய தாள் ஒன்றரைப் பக்கம். அதைப் படிக்க எனக்கு ஒரு மாலை முழுவதும் ஆனது. வழி தெரியாமல் சுற்றும் தண்ணீர் வந்த இடத்தில் நிறுத்தி, மாட வீதியில் ஒரு சுற்று போய் வந்து, மீதியைப் படித்தேன். இவ்வளவையும் என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் விழுங்கியிருக்கிறாள். என்னால் அழவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. மறுநாள் தீபிகாவிடம், "நல்லா சொல்லியிருக்கம்மா" என்றேன். "உன் தங்கச்சி கை இன்னா ஸ்பீடு நைனா! நீ ஏன் அப்டி இல்ல?" என்று கேட்டுவிட்டு, நான் முகம் வாடுவேனோ என்று பார்த்தாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு அவளே என் பையிலிருந்து பேனாவை எடுத்து, "இத உன் தங்கச்சிக்கு வெச்சிரு. நல்லா எழுதற பேனா" என்றாள்.

அனுமதி வந்துவிட்டது. உன் பெயர் அச்சில் இருக்கிறது. நான் எழுத்துக் கூட்டிப் படித்து மேடத்துக்குக் காட்டினேன். தனி அறை, கூடுதல் நேரம், எல்லாம் கிடைத்திருக்கிறது. எழும்பூரில் நான் நிற்பேன். நடைமேடை எண்ணை நானே பலகையில் படித்துவிடுவேன், நீ பயப்படாதே.

தேர்வு நாளில் நீயும் அவளும் உள்ளே போய்விடுவீர்கள். நான் வெளியே வாசலில் உட்கார்ந்திருப்பேன். அத்தனை மணி நேரம் கை சும்மா இருக்காது. தாள் எடுத்து வருகிறேன். உள்ளே அவள் பேசுவது எனக்குக் கேட்காது. நான் வெளியே எழுதுவது உனக்குத் தெரியாது. நீ அம்மா வீட்டில் இருந்த அந்த ஆறேழு மாதத்தைப் பற்றி நான் கேட்க வேண்டியதை எல்லாம் அன்று எழுதப்போகிறேன். மெதுவாகத்தான் வரும், ஆனால் ஒன்றையும் விடமாட்டேன்.

நீ என் அறையில்தான் தங்கியிருப்பாய். இருந்தாலும் அதைத் தபாலில்தான் போடுவேன். 'இசக்கியம்மாள், மயிலாப்பூர்' என்று உறைமேல் எழுதி, அடுத்த வாரம் தபால்காரர் வந்து உன் கையில் கொடுக்கிற மாதிரி. அவர் தெருமுனையில் திரும்பும்போது நான் எழுந்து நிற்க மாட்டேன். இந்த முறை நீ நில்.

உன் அண்ணன்
ஜவஹர்.